சரிவைப் பார்த்து ஓடு எடுங்கள்

அன்புள்ள இளம் கட்டடக் கலைஞருக்கு,

வீடு கட்ட வருபவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இதே மாதிரி செட்டிநாட்டு ஓட்டுக்கூரை வேண்டும்” என்பார். உடனே ஓட்டின் விலையை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். படத்திலுள்ள கூரை எந்தப் பக்கம் சரிகிறது, மழைநீர் எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் நாட்டு ஓடு முற்றத்தை நோக்கி இறங்குகிறது. முற்றத்தைச் சுற்றிய தூண்களும் தாழ்வாரமும் அந்தச் சரிவை ஒட்டி அமைந்தவை. முற்றத்தை விட்டுவிட்டு முகப்பில் மட்டும் ஓடு பதித்தால் அது அலங்காரம்தான். நாட்டு ஓட்டுக்கு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்பும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, தன் எடையிலேயே கிடக்கும். குரங்கு ஏறினால் நகர்ந்துவிடும். மழைக்கு முன் ஆளேற்றிச் சரிசெய்ய வீட்டுக்காரர் தயாரா? அதையும் கேட்டுவிடுங்கள்.

சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓட்டின் கதை வேறு. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அச்சில் அழுத்திச் சுட்ட தட்டை ஓடு அது. விளிம்பிலுள்ள பள்ளமும் மேடும் அடுத்த ஓட்டோடு பூட்டிக்கொள்ளும். நீண்ட, நேரான சரிவுள்ள பங்களாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது பாந்தமாகப் பொருந்தியது அதனால்தான். ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ இருக்கும். மரச்சட்டங்கள் அதைத் தாங்க வேண்டும். ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளி பிசகினால் பூட்டு சரியாக விழாது.

ஒழுகும் என்ற பயத்தில் நாட்டு ஓட்டையே கைவிட வேண்டியதில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, நெளிதகட்டின் மேல் நாட்டு ஓட்டைப் போன்ற அரைவட்ட ஓடுகளை வேய்ந்தார். நீரைத் தகடு தடுத்தது. வெயிலையும் அழகையும் ஓடு பார்த்துக்கொண்டது. அன்று அவர் பயன்படுத்தியது ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதன் நார் நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், நீங்கள் அது கலக்காத தகட்டையே எடுங்கள்.

ஓடும் வேண்டும், வடாம் காயவைக்க மொட்டைமாடியும் வேண்டும் என்பாரும் உண்டு. அவர்களுக்குக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைக் காட்டலாம். காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்குள்ள காங்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் சுமை. அந்த இடத்தில் பேக்கர் பழைய சீமை ஓடுகளை வைத்தார். சிமெண்டு மிச்சமானது, எடையும் குறைந்தது. பூசாமல் விட்டால் அறைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு ஓடு தெரியும். கம்பிகளுக்கு நடுவே ஓடு உட்காரும் இடைவெளியைப் பொறியாளரிடம் முன்கூட்டியே கணக்கிட்டு வாங்குங்கள். கம்பி கட்டிய பிறகு கேட்டால் பிரித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.