கிடாரின் குரலும் ஓமின் விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

மின்கிடாரின் ஒலி மேடையில் முழங்கக் கேட்டு மகிழாதவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் அதன் கம்பிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நடப்பது முழுவதும் நம் மின்னியல் பாடமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பிக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது. ஃபாரடே விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. இச்சிறு மின்சைகையைக் கெடாமல் பதிவு செய்ய எத்தகைய கருவி வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரடிப் பதிவும் மறுபதிவும்

கிடாரை ஆம்பிளிஃபயரில் இணைத்து, அதன் ஒலிபெருக்கிக்கு முன் மைக் வைத்துப் பதிவு செய்வது பழைய வழக்கம். ஆம்பிளிஃபயரும் மைக்கும் இன்றி, பிக்கப்பின் சைகையையே பதிவு செய்வது நேரடிப் பதிவு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயங்கிய மோடவுன் நிறுவனத்தார் 1960களிலேயே இம்முறையைக் கையாண்டனர். 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் ‘ரெவல்யூஷன்’ பாடலுக்குக் கிடார்களைக் கலவைக் கருவியில் நேராக இணைத்து, வேண்டுமென்றே கரகரப்பை உண்டாக்கினர்.

இவ்வாறு பதிந்த தூய சைகையைப் பின்னொரு நாள் ஆம்பிளிஃபயருக்குள் செலுத்தி, அந்த ஒலியை மைக் வைத்து மீண்டும் பதிவதே ரீஆம்பிங். இதற்கெனத் தனிப் பெட்டி ஒன்றை 1990களில் உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் குனிபெர்ட்டி என்னும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர். வாசித்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் வாசிப்பு நம்மிடம் இருக்கும். அதன் குரலை நிதானமாக அமைத்துக்கொள்ளலாம் என்பதே இதன் பயன்.

ஒரு சிறு கணக்கு

ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை 6 கிலோ ஓம், மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி என்க. இதை 10 கிலோ ஓம் கொண்ட சாதாரண ‘லைன்’ உள்ளீட்டில் செருகினால் என்ன ஆகும்? தாழ்ந்த சுரங்களில் மின்தூண்டலின் மறுப்பு சிறிது. ஆகவே 16இல் 10 பங்கு, அதாவது சுமார் 62 விழுக்காடு மின்னழுத்தம் உள்ளே சேரும். 4,000 ஹெர்ட்ஸிலோ மின்தூண்டலின் மறுப்பு மட்டும் ஏறக்குறைய 63 கிலோ ஓம். அங்கே உள்ளே சேர்வது 15 விழுக்காடே. கம்பியை மீட்டும்போது எழும் ‘கிணீர்’ ஓசையெல்லாம் அப்பகுதியில்தான் இருக்கிறது. கிடார் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஒலிப்பதன் காரணம் இதுவே.

அதே பிக்கப்பை 1 மெகா ஓம் உள்ளீட்டில் இணைத்தால் தாழ்ந்த சுரங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் வந்து சேரும். உயர்ந்த சுரங்களில் ஒத்ததிர்வும் துணைக்கு வரும். 5 மீட்டர் கேபிளும் சுருளும் சேர்ந்து 600 பிக்கோ ஃபாரட் மின்தேக்குத்திறன் கொண்டிருந்தால், ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 4,100 ஹெர்ட்ஸ். கிடாருக்குரிய பளிச்சென்ற குரல் பெரிதும் இதனால் அமைவது. எனவே கேபிளின் நீளமும் குரலில் ஒரு பங்கு வகிக்கிறது.

எதை வாங்குவது?

நம் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கும் அண்ணன் இறுதியாண்டு மாணவர். தேர்வு முடிந்ததும் வேலைக்குச் செல்கிறார். அவர் அமைத்த மெட்டுகளை அதற்குள் பதிவு செய்துவிட ஆறு பேர் சேர்ந்து பன்னிரண்டாயிரம் ரூபாய் திரட்டினோம். என் தந்தை கூலிக்குத் தறி நெய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பங்கான இரண்டாயிரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆதலால் கடையில் விலைச்சீட்டைப் பார்க்குமுன் கருவியின் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். நான் கண்ட முறைவரிசை இது:

1. முதலில் வாங்க வேண்டியது, கணினியுடன் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸ். அதில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறித்த உள்ளீடு இருக்க வேண்டும். அதன் உள்ளீட்டு மின்எதிர்ப்பு 1 மெகா ஓம் அளவில் இருத்தல் நலம். பாட்டரியால் இயங்கும் முன்பெருக்கி உள்ள கிடாருக்கு இக்கட்டுப்பாடு அவ்வளவு இல்லை.

2. அதில் குறைந்தது இரண்டு லைன் வெளியீடுகள் வேண்டும். ஒன்றைப் பிற்காலத்தில் ரீஆம்பிங்கிற்கு ஒதுக்கலாம்.

3. டி.ஐ. பெட்டி, தகுந்த உள்ளீடு இல்லாதபோதும் மேடையிலிருந்து நெடுந்தொலைவு கேபிள் செல்லும்போதும் மட்டுமே தேவை. 12:1 சுற்று விகித மின்மாற்றி கொண்ட பெட்டியை 1,500 ஓம் மைக் உள்ளீட்டில் இணைத்தால், கிடார் காண்பது 1,500 × 144, அதாவது 216 கிலோ ஓம். மின்னழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகும். மைக் பெருக்கி அதை ஈடுசெய்துவிடும்.

4. ரீஆம்ப் பெட்டியைக் கடைசியில் வாங்கலாம். அதுவரை கணினியில் ஆம்பிளிஃபயரைப் போல் செயல்படும் மென்பொருளே போதும். அவற்றுள் இலவசமானவையும் உண்டு.

பதியும்போது 24 பிட் அளவைத் தேர்ந்தெடுத்து, உச்ச அளவு −12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்க. ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். எனவே இழப்பது இரண்டு பிட் மட்டுமே. வரம்பு மீறிச் சிதைந்த சைகையை எந்த ஆம்பிளிஃபயரும் சீராக்காது.

ரீஆம்ப் பெட்டி செய்யும் வேலை

டி.ஐ. பெட்டியின் வேலையை இது தலைகீழாகச் செய்கிறது. தொழில்முறைக் கருவிகளின் லைன் வெளியீட்டு அளவு 1.23 வோல்ட், கிடார் தருவதோ பெரும்பாலும் அதனினும் குறைவு. அந்த அளவைக் குறைத்து, பிக்கப்பைப் போன்ற மின்எதிர்ப்புடன் ஆம்பிளிஃபயருக்குத் தருவது இப்பெட்டியின் வேலை. மின்மாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே நேர் இணைப்பு இல்லாததால், தரை இணைப்புச் சுற்றில் எழும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அறுக்க முடிகிறது. இரைச்சலைப் போக்குவதாக எண்ணி ஆம்பிளிஃபயர் பிளக்கின் எர்த் ஊசியைக் கழற்றுவோர் உண்டு. இது உயிருக்கு ஆபத்து; ஒருபோதும் செய்யலாகாது. ஆம்பிளிஃபயரின் ஒலிபெருக்கி வெளியீட்டை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகுவதும் கூடாது.

ரீஆம்பிங்கிற்கும் எல்லை உண்டு. உரத்த ஒலிபெருக்கி கம்பியை மீண்டும் அதிரச் செய்து எழுப்பும் நீண்ட நாதத்தை, பதிந்த சைகையிலிருந்து பெற முடியாது. கம்பி அங்கே இல்லையல்லவா?

முடிவுரை

குரலைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் உள்ளீட்டிலேயே தொலைந்த சுரத்தைப் பழையபடி மீட்பது கடினம். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் அந்த உள்ளீட்டுக்கே செலவிட வேண்டும். இதை அறிய விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஓமின் விதியும், இரண்டாம் பருவத்தில் நாம் படித்த மாறுதிசை மின்சுற்றும் போதுமானவையாக இருந்தன. தேர்வுக்காக மட்டும் படித்தோம் என்று எண்ணிய பாடம் கடைவீதியிலும் கைகொடுக்கும் என்பதை மாணவ நண்பர்கள் உணர்ந்தால், அதுவே எனக்கு மகிழ்ச்சி.