மருந்து கையில் இருந்தும் ஏன் சாப்பிடலை?

டாக்டர் சொன்னபடி நோயாளி ஏன் நடக்கமாட்டேங்கிறார்? இதை ஆராய உடல்நல உளவியல் என்றே ஒரு துறை இருக்கிறது. அமெரிக்க உளவியல் கழகம் 1978-ல் இதற்குத் தனிப் பிரிவு தொடங்கியது. ஐரோப்பாவில் 1986-ல் தனிச் சங்கம் வந்தது. ஆனால் கேள்வி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அதைக் கிளப்பியது காசநோய்.

1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவசமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ஹாக்பாம் என்ற உளவியலாளர் மக்களிடமே போய்க் கேட்டார். 'எனக்கும் வரலாம், முன்னாடியே தெரிந்தால் நல்லது' என்று நம்பியவர்களில் 100-க்கு 82 பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 பேர்தான்!

நம் சென்னையில் பிரச்சினையே வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை போதாது. 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதி அவரவர் வீட்டில்: நெருக்கடியான இடம், அரைகுறைச் சாப்பாடு. மருந்து மட்டும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பலன் கிட்டத்தட்ட சமம்! வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை.

சரி, வீட்டில் மருந்தை முழுங்குகிறார்களா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சிலர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. குறை சொல்வது சுலபம். அந்த மருந்துகளில் ஒன்று குமட்டும், வருஷம் பூரா தினமும் சாப்பிடணும். இருமல் நின்றதும் 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்று யாருக்கும் தோன்றும். அதனால் வாரம் இரண்டு முறை வரவழைத்து, கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் கொடுக்கும் முறையை இதே மையம் சோதித்து, 1964-ல் முடிவை வெளியிட்டது. பின்னால் உலகம் முழுக்கப் பரவிய 'டாட்ஸ்' முறைக்கு இது ஒரு முன்னோடி.

எனக்கு ரொம்பப் பிடித்தது தும்கூர் ஆய்வு (1963). கிராமத்து ஜனங்களுக்கு விவரம் பத்தாது, அதான் வைத்தியத்துக்கு வரலை என்று பேச்சு இருந்தது. பானர்ஜியும் ஆண்டர்சனும் நோயாளிகளையே விசாரித்தார்கள். சுமார் பாதிப்பேர் ஏற்கனவே வைத்தியம் தேடிப் போனவங்க! அவர்களில் பெரும்பாலோரை ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

இன்று சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்க தெருவுல யாராவது ரெண்டாம் மாசமே நிறுத்தியிருந்தா, திட்டாதீங்க. ஏன்னு முதல்ல கேளுங்க.