எஸ்எஸ்டி வாங்கப் போறீங்களா? முதல்ல லேப்டாப்பைத் திறந்து பாருங்க

ஹாஸ்டல்ல ரூமுக்கு ரூம் கேட்கிற புலம்பல் இது: "சி டிரைவ் செவந்து போச்சுடா." 512 ஜிபி எஸ்எஸ்டியோட வந்த கேமிங் லேப்டாப். விண்டோஸ்ல பார்த்தா அதுவும் 476 ஜிபிதான். (கம்பெனிக்காரன் யாரும் திருடலை. அவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024, 1024ஆ எண்ணுது. 1 டிபி வாங்கினா 931 ஜிபின்னு காட்டும். இந்த 931-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.) அதுல மேட்லேப், ஆன்சிஸ், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாம் போக மிச்சத்துல ஒரு பெரிய கேம் போட்டா முடிஞ்சது கதை. தள்ளுபடி வர்ற அன்னைக்கு, அட்டைப் பெட்டியில "நொடிக்கு 7000 எம்பி"ன்னு போட்டிருக்கிற டிரைவை ஆர்டர் பண்ணிடறோம்.

அந்த 7000 உங்க லேப்டாப்ல வருமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பிசிஐஇ 3.0-ல ஒரு லேன் நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர். ஒவ்வொரு 130 பிட்டுக்கும் 128 பிட்தான் உண்மையான டேட்டா. பைட்டுக்கு மாத்தினா ஒரு லேனுக்குச் சுமார் 985 எம்பி, நாலு லேனுக்கு 3940 எம்பி. நடைமுறையில 3500 வந்தாலே நல்லது. ஜென்4-ல இது அப்படியே இரட்டிப்பு. அதனால ஜென்3 ஸ்லாட்ல 7000 எம்பி டிரைவைப் போட்டா அது ஓடும், ஆனா 3500-லதான் ஓடும். பழைய ஸ்லாட்ல புது டிரைவ் வேலை செய்யாதுன்னு சிலர் சொல்றது தப்பு. குறைஞ்ச வேகத்துல ஒத்துப்போயிடும், அவ்ளோதான்.

ஸ்லாட் என்ன ஜென்னுன்னு பிராசசரே பாதி சொல்லிடும். இன்டெல் 10ஆம் தலைமுறை லேப்டாப்னா ஜென்3. 11-லேர்ந்து ஜென்4. ஏஎம்டியில ரைசன் 5600எச், 5800எச் ரெண்டும் ஜென்3தான், 6000 வரிசையில இருந்துதான் ஜென்4. நம்ம கிளாஸ்ல நிறைய பேர்கிட்ட இருக்கிறது 5600எச் என்பதால இதை அழுத்திச் சொல்றேன். மீதிப் பாதியை லேப்டாப்போட சர்வீஸ் மேனுவல் சொல்லும். ரெண்டாவது ஸ்லாட் இருந்தா அங்கே ரெண்டு லேன் மட்டும் வந்திருக்கலாம், சில மாடல்ல சாட்டா மட்டும்கூட இருக்கலாம். மேனுவல் கிடைக்கலைன்னா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு "டிரான்ஸ்ஃபர் மோட்" வரியைப் பாருங்க. இப்போ ஓடுற வேகமும், டிரைவால முடிஞ்ச வேகமும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

அடுத்தது அளவு. எம்.2 2280-ன்னா 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். மெலிசான லேப்டாப்கள்ல 2242, 2230-ம் உண்டு. திறந்து பார்க்காம ஆர்டர் பண்ணாதீங்க. பெரிய ஹீட்சிங்க் ஒட்டின மாடல் டெஸ்க்டாப்புக்கும் பிஎஸ்5-க்கும். அதைப் போட்டா நம்ம லேப்டாப்போட பின்மூடி மூடாது.

இப்போ முக்கியமான இடம். அட்டையில பெருசாப் போடாதது உள்ளே இருக்கிற ஃபிளாஷ் எந்த வகைங்கிறது. டிஎல்சின்னா ஒரு செல்லுக்கு 3 பிட், அதாவது 8 மின்னழுத்த நிலைகள். கியூஎல்சின்னா 4 பிட், 16 நிலைகள். அதே செல்லுக்குள்ள 16 நிலைகளைப் பிரிச்சு எழுதணும்னா ரொம்ப நிதானமா எழுதணும். செல்லும் சீக்கிரம் தேயும். இதை மறைக்கத்தான் எஸ்எல்சி கேஷ்: காலியா இருக்கிற செல்கள்ல தற்காலிகமா ஒரே ஒரு பிட் வேகமா எழுதி வச்சுட்டு, சும்மா இருக்கும்போது உள்ளே அடுக்கிக்கும். டிரைவ் காலியா இருக்கிறவரைக்கும் எல்லா டிரைவும் ராக்கெட்தான். முக்கால்வாசி நிரம்பின பிறகு 100 ஜிபி கேமை காப்பி பண்ணிப் பாருங்க. கேஷ் தீர்ந்ததும் கியூஎல்சி டிரைவ் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கி நிற்கும்.

தேய்மானக் கணக்கு டிபிடபிள்யூங்கிற எண்ல இருக்கும். 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டிபிங்கிறது வழக்கமான எண். குரூஷியல் பி3 மாதிரி கியூஎல்சி டிரைவுக்கு அதே 1 டிபியில 220. பயப்படாதீங்க. தினமும் 50 ஜிபி எழுதினாலும் 220 டிபி தீர 12 வருஷம் ஆகும். அதனால நான் கியூஎல்சியை வேண்டாம்னு சொல்றது ஆயுளுக்காக இல்ல, நிரம்பின பிறகு வர்ற அந்த மந்தத்துக்காக. கேம் மட்டும் போட்டு வைக்கிற ரெண்டாவது டிரைவுக்கு கியூஎல்சி தாராளமாப் போதும்.

ரிவ்யூ படிக்கும்போது தேதியையும் பாருங்க. 2021-ல டபிள்யூடி ப்ளூ எஸ்என்550-யோட உள்ளே இருந்த ஃபிளாஷ் மாறினது. பேர் அதேதான், ஆனா கேஷ் தீர்ந்த பிறகு எழுதுற வேகம் முன்னைவிடக் குறைவு. விஷயம் வெளியே வந்ததும் கம்பெனியே ஒத்துக்கிட்டது.

டிரேம் இல்லாத டிரைவைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். என்விஎம்இ டிரைவ்கள் லேப்டாப் ரேம்ல கொஞ்சம் எம்பியைக் கடன் வாங்கி வேலையை முடிச்சுக்கும். சூடும் குறைவு, பேட்டரிக்கும் நல்லது. மே மாசத்துல ஃபேன் மட்டும் சுத்துற ரூம்ல இது சின்ன விஷயம் இல்ல.

சரி, எஃப்பிஎஸ் ஏறுமா? ஏறாது. ஹார்ட் டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்கு மாறினா லோடிங் நேரம் குறையறது கண்ணுக்குத் தெரியும். ஜென்3-ல இருந்து ஜென்4-க்கு மாறினா பெரும்பாலான கேம்கள்ல ஸ்டாப்வாட்ச் வச்சாத்தான் தெரியும். கேம் படிக்கிறது பெரும்பாலும் சின்னச் சின்ன துண்டுகள். 4 கேபி துண்டுகளை ஒண்ணொண்ணாப் படிக்கச் சொன்னா 7000 எம்பி டிரைவும் 100-ஐத் தொடத் திணறும். டைரக்ட்ஸ்டோரேஜ் வந்த பிறகு, 2023-ல வந்த ஃபார்ஸ்போக்கன் மாதிரி சில கேம்கள் வேகமான டிரைவைப் பயன்படுத்திக்குது. அதுக்காக இன்னைக்கே ஜென்5-க்குப் பணம் கொட்டத் தேவையில்லை. என் ஓட்டு: 1 டிபி, டிஎல்சி, டிரேம் இல்லாத ஜென்4. ஜென்3 லேப்டாப்பா இருந்தாலும் விலை ஒண்ணா இருந்தா இதையே வாங்குங்க, அடுத்த லேப்டாப்புக்கும் ஆகும்.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சம்பவம். என் ரூம்மேட் லேப்டாப்ல சி டிரைவ் 512 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். புதுசா வாங்கின 1 டிபி எஸ்எஸ்டியை யூஎஸ்பி என்க்ளோஷர்ல போட்டு சி-யை அதுக்கு க்ளோன் பண்ண உட்கார்ந்தான். மென்பொருள்ல ரெண்டு டிஸ்க் 931 ஜிபின்னு காட்டினது. ராத்திரி ஒரு மணி. தப்பான 931-ஐத் தேர்ந்தெடுத்து, வந்த எச்சரிக்கைக்கு ஓகே அழுத்திட்டான். டி டிரைவ்லதான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட சோலார் பேனல் ரீடிங் மொத்தமும் இருந்தது. ரிப்போர்ட் கைடு மெயில்ல இருந்து கிடைச்சது. ரீடிங் திரும்ப வரலை. வைவாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பத்து நாள் மொட்டை மாடியில நின்னு மறுபடி எடுத்தோம்.

அதனால க்ளோன் பண்ணும்போது அளவைப் பார்க்காதீங்க, டிஸ்க்கோட மாடல் பேரைப் பாருங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டரை முதல்லயே வேற இடத்துல காப்பி எடுத்துடுங்க. பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பார்த்து அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வைங்க, இல்ல டீக்ரிப்ட் பண்ணிடுங்க. இன்டெல் லேப்டாப்ல புதுசா விண்டோஸ் போடும்போது டிரைவே தெரியலைன்னா எஸ்எஸ்டி செத்துடுச்சுன்னு திருப்பி அனுப்பாதீங்க. விஎம்டி ஆன்ல இருக்கும். லேப்டாப் கம்பெனி தளத்துல ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி பென் டிரைவ்ல வச்சு, இன்ஸ்டால் திரையில "லோட் டிரைவர்" கொடுத்தா வந்துடும்.

திறக்கும்போது பவரை அணைச்சு, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. டிரைவைச் சாய்வா நுழைச்சு மெதுவா அழுத்தி ஸ்க்ரூ போடணும். அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவோட பெட்டியில பெரும்பாலும் வராது. காலி ஸ்லாட்ல ஏற்கெனவே இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா முன்னாடியே வாங்கி வைங்க. டேப் ஒட்டிச் சமாளிச்ச ஒருத்தனை எனக்குத் தெரியும், டிரைவ் அடிக்கடி காணாமப் போகுதுன்னு ரெண்டு மாசம் விண்டோஸைத் திட்டிட்டு இருந்தான்.