தஞ்சை இராசராசேச்சரம்

சோழர் தலைநகராய்த் திகழ்ந்த தஞ்சையை நெருங்குவோர்க்கு, நெடுந்தொலைவிலேயே வானளாவித் தோன்றுவது பெரிய கோயிலின் விமானமாகும். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த இக்கற்றளி, அவன் காலத்தில் இராசராசேச்சரம் என வழங்கிற்று.

மலையில்லாத மருத நிலத்தில், தொலைவிலிருந்து கொணர்ந்த கருங்கற்களால் இக்கோயில் அமைந்தது. கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் என்னும் இரு கோபுர வாயில்களைக் கடந்து உட்புகுவோர், மண்டபங்களின் வழியே கருவறையை அடைவர். கருவறையின் மேல் 13 நிலைகளாக எழும் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. பிற்காலத்துக் கோயில்கள் பலவற்றில் கோபுரம் ஓங்க, விமானம் தாழ்ந்திருக்கும். ஈண்டோ விமானமே ஓங்கி, கோபுரங்கள் அடங்கி நிற்கின்றன. கருவறையைச் சூழ்ந்து இரு சுவர்களும், அவற்றிடையே ஒரு சுற்றுப்பாதையும் உள்ளன. மேல்தளத்து உட்சுவரில் 108 நாட்டியக் கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பெற்றுள்ளன. எஞ்சியவற்றிற்குரிய கற்கள் உளிபடாமலே இருக்கின்றன.

இத்துணைப் பெருங்கோயிலை எடுப்பித்தவன் யாவன் என்பதைப் பிற்கால மக்கள் மறந்தனர் என்பது வியப்பிற்குரியது. கரிகாற் சோழன் கட்டினான் எனத் தலபுராணம் கூறிற்று. மக்களும் அதனை நம்பினர். உண்மை கோயிற் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும், எழுத்தின் வடிவம் காலந்தோறும் மாறி வந்தமையின், நாள்தோறும் அச்சுவரை வலம் வந்தோரும் அதனைப் படிக்க இயலாதவராயினர். 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இக்கல்வெட்டுகளை ஆய்ந்து வெளியிட்டார். அதன்பின்னரே இராசராசன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது.

அக்கல்வெட்டுகள் கூறுவன பல. அரசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் அளித்தான். அதன் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன்னின் நிறை 2926½ கழஞ்சு. தானும் தன் தமக்கை குந்தவையும் அரசியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிட்டான். கோயிலமைத்த குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அங்குண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பெற்ற 400 ஆடல் மகளிரின் பெயர்களும், அவரவர் வாழ்ந்த தெருவும் வீட்டின் வரிசையும் குறிக்கப்பட்டுள்ளன. விளக்கேற்றுவோர், தச்சர், தையற்காரர், சலவை செய்வோர், நாவிதர் ஆகியோர்க்குரிய பங்கும் வரையறுக்கப்பட்டுள்ளது. மன்னன் பெயர் நின்ற சுவரிலேயே தொழிலாளர் கணக்கும் நிற்றலை நோக்குக.

செவிவழிச் செய்திகள் இன்றும் ஓய்ந்தில. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பர் சிலர். காலையிலேனும் மாலையிலேனும் சென்று காண்பார்க்கு அதன் பொய்ம்மை தெற்றென விளங்கும். பெருநந்தியை இராசராசன் அமைத்தான் என்பர். இன்றுள்ள நந்தி நாயக்கர் காலத்ததென ஆய்வாளர் கூறுவர். கேட்டதைக் கண்டதனோடு ஒப்பிட்டுத் தெளிதலே அறிவுடைமை.

சுற்றுப்பாதையின் சுவரிலும் ஓர் உண்மை மறைந்திருந்தது. அங்கிருந்த நாயக்கர் கால ஓவியங்களின் கீழே சோழர் கால ஓவியங்கள் இருத்தலை, 1931-ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகிற்கு உணர்த்தினார்.

சுவரில் நின்ற எழுத்து அழியாதிருந்தமையால் அன்றோ, மறந்த வரலாற்றை நாம் மீண்டும் பெற்றோம்! வேறு ஊர்களில் திருப்பணியின்போது இடம் மாறியும், சுண்ணாம்புப் பூச்சில் மறைந்தும் கெட்ட கல்வெட்டுகள் பல. ஆதலின், நம் ஊர்க் கோயிற் சுவரில் எழுத்துடைய கல் ஒன்று காணப்படின், அதன்மேல் கீறுதலும் எண்ணெய் பூசுதலும் செய்யாது பேணுதல் வேண்டும். பழைய எழுத்தைப் படிக்கப் பயிலுதல் அதனினும் நன்று. அவ்விரண்டும் கற்போர் கடனாம்.