நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கூடுதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குக் கேடயமும் ஊக்கத்தொகையும் கொடுக்கின்றன. மாஷா அல்லாஹ், நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் ஓர் ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. விஞ்ஞானி என்பவர் அன்றாடம் என்ன வேலை பார்க்கிறார் என்று கண்ணால் காணாத பிள்ளை, அந்த வேலைக்கு ஆசைப்படுவது எப்படி?

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அந்தப் பார்வையின் பலனுக்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே சான்று உண்டு. இராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உடனே கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறக்கும் பறவைகளையே காட்டினார். தம் வாழ்க்கையின் திசை அன்றுதான் தெரிந்தது என்று கலாம் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்றுலாவுக்குப் பேருந்துச் செலவுகூட இல்லை.

நமக்கும் தூரம் போக வேண்டியதில்லை. நாம் 'சிக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு விழா நடந்தது. மின்கலம், மின்முலாம், உலோக அரிமானம் ஆகியவை அங்கே நடக்கும் ஆய்வுகளில் சில. பள்ளி மாணவர்களை ஆய்வகங்களோடு இணைக்கும் 'ஜிக்யாசா' திட்டம் 2017இல் தொடங்கியது. செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைப் பார்வைக்குத் திறந்துவிடுவதும் வழக்கம். பள்ளித் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் பயன் குறைவு. ஒரு வாரம் முன்னதாக, ஒரே அளவு இரும்பு ஆணி மூன்றை எடுத்து, ஒன்றை நல்ல தண்ணீரிலும் ஒன்றை உப்புத் தண்ணீரிலும் ஒன்றை எண்ணெயிலும் வீட்டிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். தினமும் பார்த்து நோட்டில் எழுதட்டும். எது முதலில் துருப்பிடித்தது, ஏன் என்ற கேள்வியோடு ஆய்வகத்துக்குள் நுழையும் பிள்ளை வேறு. செல்பி எடுக்க நுழையும் பிள்ளை வேறு.

அடுத்த பயணம் பாம்பனுக்கு இருக்கட்டும், ரயிலிலேயே போகலாம். 1914இல் திறந்த பழைய பாலம் கடற்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் இருக்கின்றன. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. வீட்டில் டம்ளரில் கிடந்த ஆணியின் கதைதான் இங்கே கடல் அளவுக்குப் பெரிதாகி நிற்கிறது என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டாம், பிள்ளைகளே சொல்வார்கள்.

இனி, சற்று வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம். பட்டியல் போடும்போது பெண்பிள்ளைகளின் பெயர் நிறைய இருக்கும்; வண்டி ஏறும்போது குறைந்துவிடும். அத்தாமார்களின் கவலையை நாம் குறை சொல்லவில்லை. அதற்கு ஏற்பாடு செய்வதுதான் நம் பொறுப்பு. ஆசிரியைகளோடு இரண்டு மூன்று தாய்மார்களும் கூட வரட்டும். லுஹரும் அஸரும் எங்கே தொழுவது, சாப்பாடு எங்கே, மஃரிபுக்கு முன் வீடு திரும்ப முடியுமா என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும். இன்று ஒருநாள் பயணத்துக்குப் போய்ப் பழகாத பெண்ணை, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப எந்த வீட்டுக்கும் மனம் வராது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019 முதல் நடத்தும் 'யுவிகா' இரண்டு வாரப் பயிற்சி. அதற்கு விண்ணப்பிக்கத் துணிவதும் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஆள் பொறுக்க வேண்டாம். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கும் பிள்ளைக்கும் ஓர் இடம் வையுங்கள். இருபது பேர் போதும். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் செலவை ஸதகா நிதியிலிருந்து கொடுக்கலாம். அது யார் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. திரும்பி வந்த மறு ஞாயிறு, மதரஸாவில் ஓதும் சிறுபிள்ளைகளுக்கு முன்னால் அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசட்டும், அந்த மூன்று ஆணிகளையும் கையில் வைத்துக்கொண்டு.