போனில் முடித்த விலையை எழுத்திலும் வையுங்கள்

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மிளகாயை விற்க வெளியூர் வியாபாரியிடம் போனில் பேசும்போது 'நல்ல சரக்குண்ணே' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. முண்டா சம்பாவா, எந்த ஊர் விளைச்சல், காம்போடா, எவ்வளவு காய்ந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலையைச் சொன்னபின் பேசாமல் இருங்கள். அவர் வாய் திறக்குமுன் நாமே பத்து ரூபாய் குறைப்பது நம்மூர்ப் பழக்கம்!

போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: 'முண்டு, 5 குவிண்டால், காம்புடன். கிலோ இன்ன விலை. சாக்கு எடை கழித்து. லாரி வாடகை உங்களுடையது. பாதி முன்பணம். சரியென்றால் பதில் போடுங்கள்.' வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். தகராறு வந்தால் தேடி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பதில் வராமல் மூட்டையை ஏற்றாதீர்கள்.