மணல்வாரி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?



"இத்தனை முகாம் போட்டும் மணல்வாரி போகவில்லையே, பிறகு ஊசி எதற்கு?" ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் ஊரில் ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். 9 மாதம் முடிந்ததும் போடும் முதல் ஊசியை 90 பேர் போட்டுக்கொள்கிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் மிச்சமிருக்கும் வயது என்பதால், 100க்குச் சுமார் 85 பேருக்குத்தான் அந்த ஊசி பலன் தரும். ஆக, போடாத 10 பேர், போட்டும் பலன் கிட்டாத 13 பேர். நான்கே ஆண்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைகள் 90 பேருக்கு மேல் சேர்ந்துவிடுகிறார்கள். அப்போது நோயுள்ள ஒரு பிள்ளை வந்தால் போதும். நோயாளி அறையைவிட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும்.

முகாம் இந்தக் குவியலை ஒருமுறை குறைக்கிறது. மறுநாள் பிறக்கும் குழந்தையிலிருந்து மீண்டும் சேரத் தொடங்குகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி நம்மில் பலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அதைத் தடுத்துப் பேசாமல் நாமும் மௌனமாக இருந்தோம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளோ அந்த முகாமைப் பார்த்ததே இல்லை.

2022 இறுதியில் மும்பை கோவண்டியில் நடந்தது இதுதான். கொரோனா காலத்தில் ஊசி தவறிய பிள்ளைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. நம் சமுதாயத்தினர் அதிகம். மும்பையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

ஊசியில் பன்றிப் பொருள் கலந்திருக்கிறதா என்ற தயக்கத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தோனேசிய உலமா சபை 2018இல் இதை ஆராய்ந்து, கலப்பு உண்டு என்று சொல்லியே, நிர்ப்பந்த நிலையில் போட்டுக்கொள்ள அனுமதி அளித்தது. மேலும் விளக்கம் வேண்டுவோர் நம் ஆலிம்களிடம் கேட்கலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது ஊசிதான். பிரசவம் தாய் வீட்டில், அட்டையும் அங்கேயே. இங்கே வாடகை வீடு மாறியதும் செவிலியருக்கு நம்மைத் தெரியாது. இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 5 வயது வரை போடுவார்கள். அட்டை தொலைந்திருந்தாலும் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.